ஏழு என்பவர் மீதான விசாரணை

மாநில எண்ணறிவு வாரியத்தின் மதுராந்தகம் மண்டல அலுவலகத்திலிருந்து அமிர்தவல்லிக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கி, வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தாள். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது.

"தாங்கள் எழுதிய அடிப்படை இயற்கணிதத் தகுதித் தேர்வில், x என்பவர் இருந்த இடத்தில் அவருக்குப் பதிலாக 7 என்பவரை அமர்த்தி, அவரைக் கொண்டு இரு பக்கங்களிலும் கணக்கை நடத்தியது கண்டறியப்பட்டுள்ளது. விதிகளின்படி இது ஆள்மாறாட்டம். தங்களை ஏன் மூன்றாண்டுகளுக்குத் தேர்வெழுதத் தடை செய்யக்கூடாது என்பதற்கு வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து விளக்கம் அளிக்கவும். தவறினால், தங்களிடம் விளக்கம் ஏதும் இல்லை என்று வாரியம் மகிழ்ச்சியுடன் எடுத்துக்கொள்ளும்."

அவள் புருஷன் அரசு, படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினாள்.

"யாரு இந்த எக்ஸு? நம்ம குப்பத்து ஆளா?"

"ஆளு இல்லய்யா. எழுத்து."

"எழுத்தா? அது எடத்துல எவன் குந்தினா இவனுங்களுக்கு இன்னா?"

அமிர்தவல்லி நோட்டீஸை மறுபடி விரித்தாள். வெள்ளிக்கிழமை என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதிதாகக் கட்டியிருந்த மீன் இறங்குதளத்தில் எடை சரிபார்ப்பாளர் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. நிரந்தர வேலை. அவள் குடும்பத்தில் அரசாங்கம் சம்பளம் கொடுக்கப்போகும் முதல் ஆள் அவள்தான். ஆனால் எண்ணறிவு வாரியத்தின் தகுதிச் சான்றிதழை அதே வெள்ளிக்கிழமை மாலைக்குள் செங்கல்பட்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

அந்தத் தேர்வில் அவள் ஏற்கனவே இரண்டு முறை தோற்றவள். இரண்டு முறையும் அடைப்புக்குறிதான் கவிழ்த்தது. மூன்றாம் முறை எழுதுவதற்கு முன் பக்கத்துத் தெருவில் பி.எஸ்ஸி. படிக்கும் அனுவிடம் போய் உட்கார்ந்தாள். அனு அவளைவிடப் பத்து வயதாவது சின்னவள், ஆனால் திட்டுவதில் பெரியவள்.

"அக்கா, அடைப்புக்குறிக்கு வெளிய நிக்கிற மூணு, உள்ள கீற ரெண்டு பேரையும் பெருக்கும். ஒருத்தர மட்டும் பெருக்கிட்டு இன்னொருத்தர அம்போன்னு வுட்டுட்டுப் போவாது. நீ எப்பவும் ரெண்டாவது ஆள வுட்டுடற."

"அப்டி வுட்டுட்டேனா இல்லியான்னு பரிச்ச ஹால்ல எனக்கு எப்டி தெரியும்? யார கேக்கறது?"

"யாரையும் கேக்க வேணாம். சமன்பாடுன்னா இன்னா? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணுன்னு அது சத்தியம் பண்ணுது. நீ கண்டுபிடிச்ச நம்பர எக்ஸ் எடத்துல வெச்சுப் பாரு. ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தா சத்தியம் நின்னுது. வரலன்னா அடிச்சிட்டுத் திரும்பப் போடு."

யாரையும் கேக்க வேணாம் என்ற அந்த வார்த்தை அமிர்தவல்லிக்குப் பிடித்துப்போயிற்று. தேர்வில் 3(x − 2) = x + 8 என்ற கணக்கு வந்தபோது நிதானமாகப் போட்டாள். x = 7 என்று வந்தது. கீழே, "சரிபார்த்தல்: இடப்பக்கம் 3(7 − 2) = 15. வலப்பக்கம் 7 + 8 = 15. ஆகவே விடை சரி" என்று எழுதி அடிக்கோடும் இட்டாள். அந்த அடிக்கோடு போட்ட நிமிஷத்தில் இருந்த நிம்மதி கல்யாண நாளில்கூட இருந்ததில்லை என்று அரசுவிடமே சொன்னாள்.

அந்த நிம்மதிக்குத்தான் இப்போது நோட்டீஸ் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினாள். செங்கல்பட்டில் பஸ் மாறினாள். படாளத்தில் ஏறிய ஓர் இளைஞன் அவள் மடியிலிருந்த உறையைப் பார்த்தான். தன் சட்டைப்பைக்குள்ளிருந்து அதே போன்ற உறையை எடுத்துக் காட்டினான்.

"ஆள்மாறாட்டமாக்கா?" என்றான், கோயில் க்யூவில் நிற்பவர்கள் விசாரிக்கிற மாதிரி.

"ஆமாம்பா. உன்னுதும் ஏழா?"

"ஏழுதான். நான் ஜெரோம். குடிநீர் பம்ப் ஆபரேட்டர் வேலைக்கு எழுதினேன். ஏழ உள்ள உக்கார வெச்சது நான்தான்கா, இல்லேன்னு சொல்லல. அதுக்கு இவ்ளோ பேஜாரா?"

மதுராந்தகத்தில் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

வாரிய அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஏழை உட்கார வைத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போன பிறகுதான் முழு விவரம் தெரிந்தது. வாரியத்தின் விடைக்குறிப்பில் அந்தக் கணக்குக்கு விடை 5 என்று இருந்தது. 5 என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். 7 என்று மட்டும் எழுதியவர்களுக்குப் பூஜ்யம், ஆனால் குற்றம் இல்லை. 7 என்று எழுதி, அது சரியா என்று பார்த்தவர்கள்தான் குற்றவாளிகள்.

முதலில் அமிர்தவல்லியைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே சரிபார்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் வரதன் இருந்தார். அவள் கைப்பேசியை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு அவளுடைய விடைத்தாளை இரண்டு விரல்களால், ஈரத்துணியைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"x இருந்த இடத்துல 7-ஐ வெச்சது நீங்கதானே?"

"ஆமா சார். சரியா வருதான்னு போட்டுப் பாத்துக்கினேன்."

"போட்டுப் பாத்தீங்க." வரதன் அதை எழுதிக்கொண்டார். "சரிபார்க்கறதுக்குன்னு இங்க ஒரு பிரிவே இருக்கு. தலைவர் நான். எனக்குக் கீழ ஆள் இருக்காங்க, கம்ப்யூட்டர் இருக்கு. நீங்க பாட்டுக்குப் பரீட்சை ஹால்ல உக்காந்து நீங்களே சரிபார்த்துட்டா நாங்க எதுக்கு?"

அமிர்தவல்லி கொஞ்சம் யோசித்தாள். "நீங்க எப்டி சார் சரிபாப்பீங்க?"

வரதனுக்குக் கேள்வி பிடித்திருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டார். "விடைக்குறிப்பு அச்சாகி வரும். அதை ஒரு ஜெராக்ஸ் எடுப்போம். இடப்பக்கம் அசலை வைப்போம். வலப்பக்கம் நகலை வைப்போம். வரிக்கு வரி ஒப்பிடுவோம். ரெண்டும் ஒண்ணா இருந்தா விடை சரி. இதுவரைக்கும் ஒரு தடவைகூட வித்தியாசம் வந்ததில்ல."

"அந்த அஞ்ச எக்ஸ் எடத்துல வெச்சுப் பாத்தீங்களா சார்? இந்தப் பக்கம் மூணு மூணு ஒம்பது வருது. அந்தப் பக்கம் அஞ்சும் எட்டும் பதிமூணு..."

வரதன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். "என் முன்னாலயே செய்றீங்களே! விசாரணையில உக்காந்துக்கிட்டே மறுபடியும் ஆள்மாறாட்டம் பண்றீங்க!"

அமிர்தவல்லி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்த 5 எங்கிருந்து வந்தது என்று அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வாரியமும் அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டாவது ஆளை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அவள் இரண்டு முறை தோற்ற அதே இடம். இதைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று பயந்து சொல்லாமல் விட்டாள்.

வரதன் அவளை இணை இயக்குநர் ஜெகதீசனின் அறைக்கு அழைத்துப் போனார். பெரிய அறை. ஜன்னல் வழியாக ஏரிக்கரை தெரிந்தது. சுவர்க் கடிகாரம் மதியத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

ஜெகதீசன் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். அவருக்குப் பேசப் பிடிக்கும் என்பது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.

"அம்மா, ஒம்பதும் பதிமூணும் சமம் இல்லேன்னு சொன்னீங்களாமே. இந்த நாட்டுல சமத்துவம் வர்றதுக்கு எத்தனை பேர் பாடுபட்டாங்க தெரியுமா? ஒருவழியா நடுவுல சமக்குறி போட்டாச்சு. போட்டப்புறமும் இந்தப் பக்கம் கம்மி, அந்தப் பக்கம் ஜாஸ்தின்னு பேதம் பார்க்கறது பழைய புத்தி. வாரியம் சமம்னு சொன்னா சமம். அதை ஏத்துக்கறதுதான் கல்வி."

"சார், நான் இன்னா சொல்றேன்னா..."

"அடுத்தது, x என்பது மாறி. பேர்லயே இருக்கு. மாறின்னா மாறும். உங்க கையில இருந்தப்ப அது ஏழா இருந்திருக்கலாம். எங்க ஆபீஸுக்கு வர்றதுக்குள்ள அஞ்சா ஆயிருக்கலாம். அதைப் பிடிச்சு வெச்சு, நீ ஏழுதான், ஏழுதான்னு கட்டாயப்படுத்தறது அதோட சுபாவத்துக்கே விரோதம்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "என் சர்வீஸ்ல நான் ஒரு விடையைக்கூடச் சரிபார்த்ததே கிடையாது. அதனாலதான் ஒரு தவறுகூட என் கண்ணுல பட்டதில்ல. என்னோட காலத்துல இந்த வாரியத்துல தவறே நடக்கலைன்னு மூணு விருது குடுத்திருக்காங்க. பின்னாடி சுவத்துல பாருங்க."

அமிர்தவல்லி பார்த்தாள். விருதுகள் இருந்தன.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. இனிமே எதையும் சரிபார்க்க மாட்டேன்னு. தடையை ஒரு வருஷமாக் கொறைக்கறேன்."

"சார், எனக்குக் கெடச்சிக்கீற வேலயே சரிபாக்கற வேலதான் சார்."

"அது வேலை. அதை வேலைக்குச் சேர்ந்தப்புறம் பண்ணிக்கலாம். சேர்றதுக்கு முன்னாடி சரிபார்த்தா ஒழுங்கீனம்."

அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஜெகதீசன் போகிற போக்கில் அவள் விடைத்தாளைக் கையில் எடுத்தார். அடிக்கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முகம் மாறியது.

"வரதன், இதைப் படிங்க."

"'ஆகவே விடை சரி' சார்."

"விடைக்குறிப்பு எப்ப வெளியாச்சு?"

"தேர்வு முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு சார்."

"அப்ப தேர்வு அறையிலயே விடை சரின்னு இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

வரதன் விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கசிவு!" என்றார் ஜெகதீசன், எழுந்து நின்று. பயமும் சந்தோஷமும் அந்தக் குரலில் சமமாக இருந்தன. "விடை கசிஞ்சிருக்கு. ஆள்மாறாட்டம்லாம் சும்மா. நாம பிடிச்சிருக்கறது பெரிய மீனு!"

கதவைச் சாத்தச் சொன்னார். சென்னைத் தலைமையகத்துக்குப் போன் போட்டார். விடைக் கசிவு ஒன்றைத் தானே நேரில் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து உடனே பாராட்டு வந்தது. அடுத்த போன் ஒரு தொலைக்காட்சி நிருபருக்கு. அதற்கடுத்தது காவல் நிலையத்துக்கு.

அமிர்தவல்லி நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். "சார், சத்தியமா சொல்றேன், யாரும் எனக்கு ஒண்ணும் குடுக்கல. போட்டுப் பாத்தா தெரியும் சார்." யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் கேட்டாள். சாட்சியம் கலையும் என்று வரதன் மறுத்துவிட்டார். அரசு இந்நேரம் கரைக்கு வந்திருப்பான், போன் போட்டுப் போட்டுப் பார்ப்பான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சப் இன்ஸ்பெக்டர் சுப்பிரமணி வந்தபோது மூன்று மணி ஆகியிருந்தது. பந்தோபஸ்துக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். மதியச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

"சொல்லுங்க சார். இன்னா கேஸு?"

"முதல் குற்றம், ஆள்மாறாட்டம்," என்றார் வரதன்.

"பாதிக்கப்பட்டவரு பேரு?"

"x."

"இனிஷியலா?"

"பேரே அதுதான்."

"சரி, அவரக் கூப்பிடுங்க. ஸ்டேட்மென்ட் வாங்கணும்."

வரதன் தயங்கினார். "அவர் ஒரு எழுத்து."

சுப்பிரமணி பேனாவைக் கீழே வைத்தார். அமிர்தவல்லியைப் பார்த்தார். மறுபடி வரதனைப் பார்த்தார். "சார், காலைலேர்ந்து நாஸ்தாகூட துன்னல. வேற கேஸு இருந்தா சொல்லுங்க."

ஜெகதீசன் குறுக்கிட்டார். "முக்கியமான குற்றம் கசிவு. வாரியத்தோட ரகசியமான விடை இந்தம்மாவுக்கு முன்னாடியே கசிஞ்சிருக்கு."

"அப்டி சொல்லுங்க." சுப்பிரமணி பேனாவை எடுத்தார். "கசிஞ்ச விடை இன்னா?"

"ஏழு."

"உங்ககிட்ட இருந்த ரகசிய விடை இன்னா?"

ஜெகதீசன் வரதனைப் பார்த்தார். வரதன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சு," என்றார்.

"உங்க பீரோவுல கீறது அஞ்சு. அதுலேர்ந்து ஏழு எப்டி சார் கசியும்?"

ஜெகதீசன் யோசித்தார். "கசியும்போது ரெண்டு கூடியிருக்கலாம்."

சுப்பிரமணி அதை எழுதவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சார், நான் கணக்குல புலி இல்ல. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏழு சரியா, தப்பா? தப்புன்னா கசிவே இல்ல. இந்தம்மா தப்பா எழுதிக்கீது, அவ்ளோதான், வூட்டுக்கு அனுப்பிடலாம். சரின்னா, சரியான விடை இவங்க கைக்கு வந்திடுச்சின்னு கேஸு போடலாம். ஆனா புகார்ல, ஏழுதான் சரியான விடைன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். எது வேணும்?"

ஜெகதீசனும் வரதனும் மூலையில் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்தபோது ஜெகதீசன் முகத்தில் கருணை தவழ்ந்தது.

"ஏழு தப்பு. கசிவு இல்ல. தடையும் வேண்டாம். ஏழைப்பட்டவங்க. அம்மா, நீங்க நிரபராதி. போய்ட்டு வாங்க."

வரதன் தன் அறைக்குப் போய் இழுப்பறையிலிருந்து கைப்பேசியை எடுத்துவந்து நீட்டினார். கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே தாழ்வாரமும் ஜெரோமின் கவலை பிடித்த முகமும் தெரிந்தன. அமிர்தவல்லி எழுந்தாள். இரண்டு அடி நடந்தாள். நின்றாள்.

"சார், அப்ப என் சர்டிபிகேட்டு?"

"அது எப்படிம்மா? அந்தக் கணக்குக்குப் பூஜ்யம். அந்த மார்க் இல்லாம நீங்க பாஸ் இல்ல. அடுத்த தடவை அஞ்சுன்னு எழுதுங்க."

ஒரு நிமிஷம் அவள் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போய்விடலாம். போய்விட்டால் ஜெயில் இல்லை, டி.வி. இல்லை, ராத்திரி வீட்டில் சோறு வடிக்கலாம். வேலை மட்டும் போகும். ஒருவேளை நாம்தான் தப்போ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பெரிய அறை, சுவர் நிறைய விருது, சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருக்கிற மனிதர்கள். இரண்டு தடவை தோற்றவள் அவள். மனசுக்குள் மறுபடியும் போட்டாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து. மூவைந்து பதினைந்து. ஏழும் எட்டும் பதினைந்து. பதினைந்து, பதினைந்து. இந்த அறையில் யார் என்ன சொன்னாலும் அந்த இரண்டும் அசையாமல் அப்படியே நின்றன. பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது அவள் மட்டும்தான்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார், நான் நிரபராதி இல்ல."

"என்னம்மா?"

"ஏழு சரிதான். சரின்னு தெரிஞ்சுதான் எழுதினேன். பரிச்ச ஹால்லயே எனக்குத் தெரியும். நான் குத்தவாளி சார். கேஸ எழுதிக்கோங்க."

ஜெகதீசன் வெலவெலத்துப்போனார். "அம்மா, உங்களுக்கு விவரம் தெரியல. நீங்க ஒரு குற்றமும் பண்ணல. நான் சொல்றேன், என்னை நம்புங்க."

"பண்ணேன் சார். கசிஞ்சிது. நீங்கதான சொன்னீங்க? பெரிய மீனுன்னு சொன்னீங்களே?"

சுப்பிரமணி அவள் பக்கம் குனிந்தார். குரலைத் தணித்தார். "யம்மா, வெளாட்டு இல்ல. புகார் எழுதிட்டா நான் விசாரிச்சே ஆவணும். உள்ள போற மாதிரிகூட ஆவலாம். புள்ளகுட்டி கீதா?"

"ஒரு பொண்ணு கீறா சார். அஞ்சாவது படிக்கறா."

"அப்ப யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் சார்." அவள் ஜெகதீசனைக் காட்டினாள். "இவரு ஒரு தபா எழுதட்டும், ஏழு சரின்னு. அது போதும் எனக்கு."

சுப்பிரமணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல வெள்ளைத்தாளை ஜெகதீசன் பக்கம் நகர்த்தினார். "குத்தத்த ஒத்துக்கினாங்க சார். இனிமே நீங்க புகார் குடுக்கலன்னா, கசிவ மூடி மறச்சீங்கன்னு ஆயிடும்."

அப்போது மேஜை மேல் போன் அடித்தது. தலைமையகம். ஜெகதீசன் எடுத்தார். "ஆமாங்க சார்... ஆமாங்க... குற்றவாளி என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க... அறிக்கையா? உடனே அனுப்பறேன் சார்... ரொம்ப நன்றிங்க சார்." போனை வைத்தார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். தொலைக்காட்சி வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றிருந்தது. நிருபர் தலை வாரிக்கொண்டிருந்தார்.

ஜெகதீசனுக்கு வியர்த்தது. கசிவு இல்லை என்று சொன்னால் பாராட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கசிவு உண்டு என்றால் ஏழு சரி. வரதனிடம் ஏதாவது நடுவழி உண்டா என்று கேட்டார். ஆறு என்று எழுதலாமா என்று வரதன் கேட்டார்.

கடைசியில் பேனாவை எடுத்தார். புகாரை எழுதினார். "மேற்படி வினாவுக்கு 7 என்பதே சரியான விடை. அந்தச் சரியான விடையை மேற்படி அமிர்தவல்லி முன்கூட்டியே அறிந்திருந்தார்." கையெழுத்துப் போட்டு, வழக்கம்போல முத்திரையும் குத்தினார்.

சுப்பிரமணி தாளை வாங்கி வைத்துக்கொண்டார். "இப்ப விசாரண. யம்மா, ஏழு சரின்னு உனக்கு எப்டி தெரிஞ்சுது?"

அமிர்தவல்லி அவருடைய பேனாவை வாங்கி, இன்னொரு தாளில் சமன்பாட்டை எழுதினாள். ஏழை வைத்துக் காட்டினாள். ஐந்தை வைத்துக் காட்டினாள். சுப்பிரமணி உதடு அசைய ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். ஒருமுறை விரல் விட்டும் எண்ணினார். வரதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் அவருடைய கட்டைவிரலும் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனதை அமிர்தவல்லி கவனித்தாள்.

"ஒம்பது, பதிமூணு. சேரல. பதினஞ்சு, பதினஞ்சு. சேருது." சுப்பிரமணி நிமிர்ந்தார். "சார், இதுல கசிவு எங்க கீது? போட்டுப் பாத்தா எனக்கே வருது. அப்ப என்னையும் புடிச்சு உள்ள வெக்கணும்." புகாரின் அடியில் எழுதினார்: "விசாரித்ததில், புகார்தாரர் கூறியபடி 7 என்பது சரியே. கசிவுக்கு ஆதாரம் இல்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது." அதன் நகல் ஒன்றை அமிர்தவல்லியிடம் கொடுத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

அவள் அந்த நகலை வரதன் முன்னால் வைத்தாள். "மார்க்கு போடுங்க சார்."

வரதன் இணை இயக்குநரைப் பார்த்தார். இணை இயக்குநர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை குத்திய கையெழுத்து. அதற்கு மேல் கேட்க வரதனுக்கு விதியில் இடமில்லை. மதிப்பெண்ணைத் திருத்தினார். சான்றிதழ் அச்சாகி வரும்வரை அதிகாரிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சூடு ஆறாத அந்தக் காகிதத்தில் அமிர்தவல்லி தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தாள்.

நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் செங்கல்பட்டு அலுவலகம் மூடுவதற்குள் போய்விடலாம். ஓட்டமும் நடையுமாகத் தாழ்வாரத்துக்கு வந்தாள். ஜெரோம் எழுந்து ஓடிவந்தான். அவன் பின்னால் மற்றவர்களும் கூடிவிட்டார்கள்.

"இன்னா ஆச்சுக்கா? இன்னா சொல்லச் சொன்னானுங்க? தப்பு பண்ணலன்னு சொன்னா வுட்டுடுவானுங்களா?"

"அய்யோ, அத மட்டும் சொல்லிடாத," என்றாள் அமிர்தவல்லி. நடந்துகொண்டே இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஜெரோம் வாயைப் பிளந்து கேட்டான்.

படிக்கட்டில் பாதி இறங்கியபோது மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடாமலே உள்ளே நுழைந்த ஜெரோமின் குரல் கீழ்வரைக்கும் கணீரென்று வந்தது.

"சார், வணக்கம். நானும் கசிய வுட்டவன்தான் சார். எனக்குப் பின்னாடி வரிசைல கீறவங்க எல்லாருமே குத்தவாளிங்கதான். ஒண்ணொண்ணா எழுதிக்கோங்க."

நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இணை இயக்குநர், மிகவும் களைத்த குரலில், வரதனிடம் இன்னொரு வெள்ளைத்தாள் கேட்டார்.